பக்கவாட்டில் பார்த்த படம்

அத்தியாயம் 9

தொண்டை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. ‘திங்கள் முதல் இரண்டு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. மீறினால் குரல் திரும்பாது.’ கடைசி வரிக்குக் கீழே டாக்டர் கோடு போட்ட வேகத்தில் காகிதமே கிழிந்திருந்தது.

போன வாரம் அதைப் படித்தபோது வீடே சிரித்தது. அம்மாவைப் பார்த்துப் பேசாதே என்பது, ஆற்றைப் பார்த்து அங்கேயே நில் என்பது போல. அப்பா அவளுக்கு வைத்த பெயரே ரேடியோ. பள்ளிக்கூடத்து மூன்றாம் நம்பர் வேனுக்கு அப்பா டிரைவர். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா அம்மா. அவர் ஓட்டுவார். பக்கத்து இருக்கையில் அவள் பேசிக்கொண்டே போவாள். பதின்மூன்று பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

சீட்டைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அம்மாதான்.

“ரெண்டு வாரந்தானேம்மா? வாய மூடிட்டு இருந்தா என்ன, குடியா முழுகிடும்?” என்று மகள் கேட்டாள்.

“முடியாதுடி,” என்றாள் அம்மா. ஏன் முடியாது என்று சொல்லவில்லை. எட்டு மாதத்தில் தேய்ந்து தேய்ந்து அவள் குரல் உமி சலிக்கிற சத்தமாகியிருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் திங்கள்.

மகள் எதையும் வரிசை போட்டு யோசிப்பவள். யோசித்த பிறகு, யோசித்தது சரிதானா என்று இன்னொரு முறை யோசிப்பவள். பகலில் சட்டைக் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டைகளில் கோணல் தையல், விட்டுப்போன பொத்தான், நீளம் மாறிய கை என்று குறை கண்டுபிடிப்பது வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலையில் இங்கிலீஷ் வகுப்பு. அளந்துதான் பேசுவாள் என்பதால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

அம்மாவைப் பேசாமல் உட்காரப் பழக்க வேண்டும். பேசாமல் உட்காரும் இடம் எது? பரீட்சை ஹால், பல் டாக்டர் அறை, சினிமா தியேட்டர். முதல் இரண்டும் ஆகாது. மூன்று தெரு தள்ளிப் புதுத் தியேட்டர் திறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மாலை வகுப்பிலும் ‘நான் முதன்முறையாகப் போன ஓர் இடம்’ என்று இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று, யாரையும் கேட்காமல் மதியக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள்.

டிக்கெட்டை மேஜையில் வைத்தாள்.

“எனக்குத் தலைவலி,” என்றார் அப்பா.

“அவருக்குத் தலைவலி,” என்றாள் அம்மா. இரண்டும் ஒரே நொடியில் வந்தன.

“காலையில நல்லாத்தானே இருந்தீங்க?”

“இப்பத்தான் வந்துச்சு.”

“டிக்கெட்டப் பாத்ததும் வந்துச்சா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் சாவி மாட்டும் ஆணிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “போவோம், விடு. ஊமைக்கோட்டான் வாயத் திறந்து ஒண்ணு கேட்டிருக்கு. இல்லைன்னு சொன்னா அடுத்த தடவை கேக்க இன்னும் பத்து வருஷம் ஆகும்,” என்றார்.

மகளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பின்னால் நினைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

*

வாசலிலேயே அவள் நோட்டைத் திறந்துவிட்டாள். ‘ஒன்று: சுவர்ப் பூச்சின் வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு: டிக்கெட் கிழிப்பவருடைய சட்டையில் கடை மடிப்பு கலையவில்லை. வலது தோள் தையல் சற்று இழுக்கிறது. (இதை எழுத வேண்டுமா?)’

அம்மா அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டு முன்னே போனாள். போகும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“அடேயப்பா, கண்ணாடிக் கதவ எப்படித் தொடச்சிருக்கான் பாருங்க, கதவு இருக்கறதே தெரியல. ஆறு படிதான். ஆறு படிக்கு ரத்தினக் கம்பளம். தூணெல்லாம் நடுவுல கொண்டாந்து நட்டிருக்கானே, யாரு இவனுக்குக் கணக்குப் போட்டது?”

“அம்மா, நாளையிலேர்ந்து பேசக் கூடாது.”

“நாளைக்குத்தானே? இன்னிக்கு என்ன கிழமை?”

‘மூன்று,’ என்று எழுதினாள் மகள். ‘அம்மா எல்லாவற்றையும் வியக்கிறாள். தூணைக்கூட.’

உள்ளே குளிர்ந்திருந்தது. சிவப்பு இருக்கைகளில் சிலவற்றுக்கு உறைத்தாள்கூடக் கழற்றவில்லை; உட்கார்ந்தால் மொறுமொறுவென்றது. நடைபாதை ஓரத்தில் எறும்பு வரிசை போலச் சின்னச் சின்ன விளக்குகள். பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் கறுப்புப் பெட்டிகள். எண்ணினாள். பதினாறு. பழைய தியேட்டரில் சத்தம் திரையிலிருந்து வரும். இங்கே நாலா பக்கமும் வருமாம்.

அம்மா, அப்பா, மகள் என்று உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. திரை அவ்வளவு பெரிதாக இருந்ததில் மகள் ஒரு நிமிடம் வகுப்பு, வீடு, சீட்டு எல்லாவற்றையும் மறந்தாள். திரையில் மழை பெய்தது. தலைக்கு மேலே மழைச் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்தே பார்த்துவிட்டாள். தன் அசட்டுத்தனத்தை யாராவது கவனித்தார்களா என்று பக்கத்தில் திரும்பினாள்.

அப்பா திரையைப் பார்க்கவில்லை.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கோழி தானியத்தைப் பார்ப்பது போல, கடைக்கண்ணால் எதையோ பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிகளைப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாள். அதே சுவர். கோபமோ? கட்டாயப்படுத்திக் கூட்டி வந்ததற்காகவா? அவளுக்கு எப்போதும் தன் மேல்தான் முதல் சந்தேகம்.

திரையில் ஒருவன் சத்தமே இல்லாமல் வாழைப்பழத் தோலை மிதிப்பதும், பறப்பதும், நாற்காலியில் சரியாக வந்து உட்காருவதும் நடந்தது. தியேட்டர் சிரித்து ஓய்ந்தது. அம்மா அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அப்போதுதான் அப்பா சிரித்தார். எல்லாரும் ஓய்ந்த பிறகு, தனியாக, உரக்க. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா நிறுத்தவே இல்லை. “வெளிய போறான். கதவத் தொறந்துட்டான். அவ பின்னாடியே வர்றா. கையில லெட்டரு.” உமி சலிக்கும் குரலில், மூச்சு வாங்க வாங்க.

பின்னால் இருந்தவர் குனிந்தார். “அக்கா, கொஞ்சம் எங்களையும் படம் பாக்க விடறீங்களா? எங்களுக்கும் கண்ணு இருக்கு.”

மகளுக்கு உடம்பெல்லாம் கூசியது. “அம்மா, போதும்மா,” என்று அப்பாவைத் தாண்டிக் கையை நீட்டி அம்மாவின் முழங்காலைத் தட்டினாள்.

அம்மா நிறுத்தவில்லை. “இப்ப கார் எடுக்...”

அங்கேயே அறுந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். திரை வெளிச்சத்தில் அம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. உதடு, நாக்கு, கழுத்து நரம்பு எல்லாம் வேலை செய்தன. குரல் மட்டும் வரவில்லை. வெறும் காற்று வந்தது. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று.

“அப்புறம்?” என்றார் அப்பா.

அம்மா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ஏன் நிறுத்திட்ட? கார் எடுத்து? சொல்லு.”

அவர் கேட்டது கிசுகிசுப்பு அல்ல. இரண்டு வரிசைக்குக் கேட்டது. அதில் ஒரு குழந்தையின் பயம் இருந்தது. மகள் அந்தக் குரலை அவரிடம் கேட்டதே இல்லை.

அந்த நேரம் பின்சுவர்ப் பெட்டியிலிருந்து ஒரு லாரி ஹாரன் அலறியது.

அப்பாவின் வலது கால் தரையில் ஓங்கி மிதித்தது. பிரேக் மிதிக்கும் மிதி. இரண்டு கையும் காற்றில் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்து ஒடித்தன. உடம்பு முழுக்க அம்மா பக்கம் சாய்ந்தது.

திரையில் லாரி போய் வெகு நேரமான பிறகும் அவர் காலை எடுக்கவில்லை.

குறை கண்டுபிடிப்பதில் ஒரு விதி உண்டு. ஒரு சட்டையின் கையில் தையல் விட்டிருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மகள் பிரித்தாள். ஆறு படி. கண்ணாடிக் கதவு. தூண். போன வருடம் லைசன்ஸ் புதுப்பிக்கும் முன் அப்பா குளியலறையில் ஒப்பித்த எழுத்துகள்: ஈ, எஃப், பி, டி, ஓ, இஸட். ‘உன் வகுப்புக்கு உதவி பண்ண நானும் இங்கிலீஷ் படிக்கிறேன்’ என்று சிரித்தாரே, அது கண் டாக்டர் சுவரில் தொங்கும் அட்டை. அம்மா பார்த்து மனப்பாடம் பண்ணி, வாய்ப்பாடு மாதிரி அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. வேனில் ஓயாத பேச்சு. ‘சைக்கிள்காரன் சட்டையப் பாருங்க, பச்சப்பசேல்னு.’ ‘சிவப்பு விளக்கு எவ்வளவு நேரம் எரியுது, அவங்க அப்பன் வீட்டுக் கரன்ட்டு.’

பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்த வேனில் கண் டிரைவர் இருக்கையில் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. விடிந்தால் ஏழு பத்துக்கு முதல் பிள்ளை ஏறும்.

மகள் அப்பாவின் காதருகே குனிந்தாள். “லாரி இல்லப்பா. படம். உங்களுக்கு முன்னாடி யாரும் இல்ல.”

அவர் மிக மெதுவாகக் காலைத் தளர்த்தினார். முகத்தைச் சுவரிலிருந்து எடுத்து, முதல் தடவையாக நேரே திரைக்கு வைத்தார். இனி நடிக்க வேண்டியதில்லை என்பது போல.

மிச்சப் படத்தை அவள் சொன்னாள்.

“ஒருத்தர் நிக்கிறார்ப்பா. நீலச் சட்டை. ரெண்டாவது பொத்தான் இல்ல. காலர் பட்டி முறுக்கிட்டிருக்கு.”

“எங்க நிக்கிறான்?”

“அது... இருங்க... இப்ப அவர் அங்க இல்ல. போயிட்டார்.”

“எந்தப் பக்கம்?”

“பாக்கலப்பா.”

அப்பா இருட்டில் மூக்கால் சிரித்தார். “நீ சொன்னா சட்டை தெரியுது. ஆள் தெரியலையே.”

அவளும் சிரித்திருப்பாள். ஆனால் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஆள்தானே தெரிய வேண்டும்.

*

தியேட்டருக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அம்மா தொண்டையில் கை வைத்தபடி இருந்தாள். கண்ணீர் மட்டும் தாராளமாக வந்தது.

“என்னப்பா தெரியும் உங்களுக்கு?”

“ஓரம் தெரியும். நல்லாவே தெரியும். நடுவுலதான் ஈரத்துணி காயப்போட்ட மாதிரி.” கையை முகத்துக்கு நேரே நீட்டி விரல்களை விரித்தார். “பக்கத்துல வர்றவன் தெரிவான். நேரா வர்றவன்தான் தெரிய மாட்டான்.”

“எத்தனை நாளா?”

“எட்டு மாசம். அதுக்கு முன்னாடி கண்ணாடி அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சிட்டிருந்தேன்.”

“கண் டாக்டர்கிட்டப் போகலையா?”

“போனா வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுவார். எழுதிட்டா எழுதினதுதான்.”

“பதிமூணு பிள்ளைங்கப்பா!”

அவள் கத்திவிட்டாள். பாப்கார்ன் பையோடு போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

“ஒரு கீறல் விழுந்திருக்கா வண்டியில?” அப்பாவின் குரல் உயர்ந்தது. “இருபத்தாறு வருஷம். ஒரு கண்ணாடி ஒடஞ்சிருக்கா? ஒரு பிள்ளை முட்டி சிராச்சிருக்கா? உங்கம்மா சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் காலு போட்டுடும். அப்படி ஓட்டறோம் நாங்க ரெண்டு பேரும்.”

“இனிமே யார் சொல்லுவாங்க?”

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். அல்லது அவளைப் பார்ப்பதற்காகத்தான் முகத்தைத் திருப்பினாரோ என்னவோ.

“நீ வா. ரெண்டு வாரந்தான். கம்பெனியில லீவு சொல்லு. அம்மா சீட்டுல உக்காரு.”

“நான் சட்டையச் சொல்லுவேன்ப்பா.”

“பழகிக்கலாம்மா.”

“எதுல பழகறது? பிள்ளைங்கள வச்சா?”

அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்தார். அம்மா ஓடிப்போய்க் கையைக் கோத்துக்கொண்டாள். மகள் இரண்டடி பின்னால் வந்தாள்.

இரண்டாவது தெரு திரும்பியதும் எதிரே ஒரு சின்ன சைக்கிள் வந்தது. நட்ட நடுவில், நேராக. ஏழு வயதுப் பெண் ஒருத்தி, இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டிக் காட்டுகிற பெருமையில் வந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள். அவர் விலகுவார் என்று நம்பிச் சிரித்தாள். அம்மா வாயைத் திறந்தாள். காற்று வந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் என்னவென்று அவள் பக்கம் திரும்பினாரே தவிர, விலகவில்லை.

மகள் பாய்ந்து சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். சக்கரம் அப்பாவின் முழங்காலில் இடித்து நின்றது. சிறுமி சரிந்து, கையை ஊன்றி, உட்கார்ந்துவிட்டாள்.

“டிரைவர் மாமா! என்னைப் பாக்கலையா?”

குரல் கேட்ட நொடியில் அப்பாவின் முகம் மாறியது. “ஏய், ஓட்டப்பல்லு! நீயா?”

“நேராத்தானே வந்தேன்! பாத்துக்கிட்டே நின்னீங்க!”

“வெளையாட்டுக்கு நின்னேன்டா கண்ணு.” அவர் குனிந்து அவளைத் தூக்கக் கையை நீட்டினார். கை அவளுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அவளே எட்டி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளங்கை சிராய்த்திருந்தது. ஊதிக்கொண்டாள். “பரவால்ல மாமா, வலிக்கல. நாளைக்கு முன் சீட்டு எனக்கு. நீங்க போன வாரமே சொல்லிட்டீங்க. ஆயாம்மா சாட்சி.”

ஆயாம்மா பதில் சொல்லாதது சிறுமிக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினாள்.

*

ஞாயிறு சாயங்காலம் வேனைத் துடைப்பது அப்பாவின் வழக்கம். இன்றும் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இடிபட்ட முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே.

உள்ளே அம்மா மகளின் நோட்டைப் பிடுங்கி எழுதினாள். ‘அம்மா எல்லாவற்றையும் வியக்கிறாள்’ என்று மகள் குறித்து வைத்திருந்த அதே பக்கத்தில், கோணல் மாணலாக.

‘யாருகிட்டயும் சொல்லாத. வண்டி போனா அவர் ஆளே போயிடுவார்.’

“அந்தப் பொண்ணோட கையப் பாத்தியாம்மா?”

அம்மா அந்த வரிக்குக் கீழே கோடு போட்டாள். இன்னொரு கோடு. பென்சில் ஒடிந்தது.

“எட்டு மாசம் நீ தாங்கிட்ட. எப்படித் தாங்கினேன்னு எனக்குத் தெரியல. என்னால ஒரு காட்சி சொல்ல முடியல.” மகள் ஒடிந்த பென்சிலை எடுத்து வைத்தாள். “நான் சொல்றது தப்பா இருக்கலாம். நான் எப்பவுமே தப்பாத்தான் இருக்கேன். ஆனா அவ நேரா வந்தாம்மா. நேரா.”

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடி சொன்னதை எழுதியிருந்தால் ஒரு நோட்டு பத்தாது. மகள் விரல் விரலாகக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

வேனின் பின்பக்கம் நின்றாள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. தினமும் பார்த்தும் படிக்காத எழுத்து. ‘இந்த வண்டி ஒழுங்காக ஓட்டப்படுகிறதா? குறை இருந்தால் தெரிவிக்கவும்.’ கீழே பள்ளிக்கூட வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியின் எண். இருபத்தாறு வருடத்தில் மூன்றாம் நம்பரைப் பற்றி யாரும் அந்த எண்ணைக் கூப்பிட்டதில்லை. அது அப்பாவின் பெருமை.

அந்தப் பக்கம் முன்கண்ணாடியில் ஈரத்துணி தேய்க்கும் சத்தம் கேட்டது. க்ரீச், க்ரீச். ஒரே இடத்தில், நடுவில், விடாமல்.

அவள் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒருமுறை சரிபார்த்தாள். இரண்டாம் முறை சரிபார்த்தாள். வாசற்படிக்கு அம்மா ஓடி வந்துவிட்டாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வாயைத் திறந்தாள். வாழ்நாள் முழுவதும் பேசியவளுக்கு, வேண்டாம் என்ற ஒரு சொல் வரவில்லை.

மணி அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

“ஹலோ? யாரு?”

மகள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஹலோ, யாரு பேசறது? ஞாயித்துக்கிழமை அதுவுமா... காது கேக்குதா, இல்லையா?”

“கேக்குது சார்,” என்றாள் ஊமைக்கோட்டான். “நான் மூணாம் நம்பர் வண்டி டிரைவரோட பொண்ணு பேசறேன்.”

கண்ணாடியில் துணி தேயும் சத்தம் நின்றது.